தேயிலைக்கு ஈடாக்கப்பட்ட சுவாசப்பைகள்

கண்டி இராச்சியத்திலே 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், அந்நாட்டுக் குடிகள் தம் வீடுகளுக்கு ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லை என 1681இல் வெளிவந்த தமது நூலிற் பதிந்துள்ளார். குடிகளின் கூரையை அரண்மனையே தீர்மானித்த காலம் அது. இன்று ஹந்தானைச் சரிவில் நின்று நகரை நோக்குவார்க்கு, ஓட்டுக் கூரைகளுக்கிடையே சாம்பல்நிற நெளிதகடுகள் கடை, பாடசாலை, குடியிருப்பு என்ற வேறுபாடின்றிப் பரந்து கிடப்பது தெரியும். “சீற்” என்று ஊரார் சுருக்கமாகச் சொல்லும் அத்தகடு சீமெந்தோடு கல்நாரைக் கலந்து செய்யப்படுவது. கல்நார் என்பதே அஸ்பெஸ்ரோஸ்.

இக்கூரையையும் அரண்மனைகளே தீர்மானிக்கின்றன என்பதற்கு 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சான்று. 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதிக்குத் தடை விதிப்பதென இலங்கை அரசு முன்னரே அறிவித்திருந்தது. அந்நாள் நெருங்கிய வேளையில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றிலே கப்ரா வண்டு காணப்பட்டதென்று கூறி, டிசம்பர் 18 முதல் இந்நாட்டு விவசாய விளைபொருள்கள் யாவற்றையும் ருஷ்யா நிறுத்திவைத்தது. வண்டோ தானியக் களஞ்சியங்களை அழிப்பதிற் பேர்பெற்றது. ருஷ்யாவோ உலகின் மிகப்பெரிய கல்நார் உற்பத்தி நாடு. அங்குள்ள சுரங்க நகரொன்றின் பெயரே அஸ்பெஸ்ற். ஓரிரு நாளில் கொழும்பு தன் தடையைக் கைவிட்டது. டிசம்பர் 30இல் தேயிலைக்கு மீண்டும் வழி திறந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப விரும்புவோர் நம்பலாம்.

“கல்நாரால் இந்நாட்டில் மாண்டவர் எவர், காட்டுங்கள்” என்பது அதற்காக வாதாடுவோரின் முதல் வினா. அவ்வினாவின் வலிமை முழுவதும் நோயின் இயல்பிலேயே தங்கியிருக்கிறது. உள்ளிழுக்கப்பட்ட நுண்ணார் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உடனே காய்ச்சலையோ இருமலையோ தருவதுமில்லை. சுவாசப்பையின் அடியிலே தங்கி, அதனை விழுங்கியழிக்க வரும் காவற்கலங்களையும் தோற்கடித்து, ஆண்டுக்கணக்கிலே இழையங்களைப் புண்படுத்துகின்றது. புற்றுநோய் தலைகாட்டப் பதினைந்து முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் செல்லலாம். சுவாசப்பையைப் போர்த்திய மென்சவ்விலே தோன்றும் மீசோதெலியோமா இன்னும் பிந்தி வருவது. அந்நோய் பெரும்பாலும் கல்நாரையே குற்றவாளியாகச் சுட்டும். சுவாசப்பைப் புற்றோ தன் காரணத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. பீடி புகைத்தார், மாண்டார் என்று கோவை மூடப்பட்டுவிடும்.

புகைத்தலைக் காட்டிக் கல்நாருக்கு விடுதலை பெற்றுக்கொடுக்க முடியாது. அமெரிக்காவில் வெப்பக்காப்பு வேலை செய்தோரைத் தொடர்ந்து ஆராய்ந்த ஹமண்ட், செலிக்கோவ் ஆகியோர் 1979இல் வெளியிட்ட கணக்கு நோக்கற்பாலது. இரண்டையும் அறியாதவரோடு ஒப்பிட, சுவாசப்பைப் புற்றால் மாளும் ஆபத்து கல்நார் வேலை மட்டும் செய்தவர்க்கு ஐந்து மடங்கு, புகைத்தவர்க்குப் பதினொரு மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்க்கு ஐம்பத்து மூன்று மடங்கு. புகைப்பவர் நிறைந்த தொழிலிலே கல்நாரை அனுமதிப்பதற்கு இதைவிடக் கடுமையான கண்டனம் தேவையில்லை. இங்கிலாந்தின் றொச்டேல் தொழிற்சாலைத் தொழிலாளரைக் கொண்டு ரிச்சட் டொல் இவ்வாபத்தை நிறுவியது 1955இல் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்த வாதம், நீலக் கல்நாரே நஞ்சு, வெள்ளை தீங்கற்றது என்பது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என்றே வகுத்துள்ளது. சீமெந்தில் இறுகிய நார் வெளிவராது என்பர். உடையாத, வெட்டாத தகட்டைப் பொறுத்தவரை இதிற் பெருமளவு உண்மையுண்டு. ஆயின், கண்டியிலே எத்தகடு வெட்டாமல் ஏறுகிறது? முகக்கவசமின்றிக் கைவாளால் அறுப்பவன் தச்சன்; ஆணிக்குத் துளையிடுபவன் அவன் உதவியாள்; தூளைக் கூட்டிப் பெருக்குபவள் வீட்டுக்காரி. மலைநாட்டு மழையிற் படியும் பாசியைக் கம்பித் தூரிகையால் உரசிக் கழுவுவதும் உண்டு. பேராதனைப் பக்கத்துக் குரங்குகள் தாவி உடைப்பன வேறு. உடைந்த துண்டுகள் முற்றத்துப் பள்ளத்தை நிரப்பக் கொட்டப்படுகின்றன. அவற்றின்மேற் குழந்தைகள் விளையாடுகின்றனர். “கட்டுப்பாடான பாவனை” என்ற சொற்றொடர் எந்நாட்டுக்காக ஆக்கப்பட்டதோ தெரியவில்லை.

மலிவான கூரை ஏழைக்கு வேண்டாமா என்று கேட்போர் உளர். அக்கேள்வி நேர்மையானது. ஒழுகும் தகரத்தின் கீழ் லயத்திற் பிறந்தவர்க்குச் சீற் ஒரு முன்னேற்றமே. ஆனால் கல்நார் இல்லாத நார்ச்சீமெந்துத் தகடு ஆக்கும் முறை உலகில் நெடுநாளாக உண்டு. பிரித்தானியா 1999இலும் கனடா 2018இலும் கல்நாரைத் தடைசெய்தபின் அந்நாட்டு ஏழைகள் கூரையின்றித் தவிக்கவில்லை. மலிவு என்பது தகட்டின் விலையை மட்டும் எண்ணி, முப்பது ஆண்டின்பின் வரும் மருத்துவமனைச் செலவை எண்ணாத கணக்கு.

கண்டிக்கு அண்மையிலே லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் நாட்டிய தேயிலை பற்றியே 2017இன் பேரம் நிகழ்ந்தது. கொழுந்து பறித்தவரை அப்பேரத்தில் எவரும் கேட்கவில்லை. கண்டி வைத்தியசாலையில் சுவாசப்பைப் புற்றோடு வரும் ஒவ்வொருவரிடமும், “முப்பதாண்டுக்கு முன் என்ன வேலை செய்தீர், எதன் கீழ் உறங்கினீர்” என்ற வினா எழுதப்பட்டு விடையும் பதியப்படவேண்டும். தகட்டை நனைக்காமல் அறுப்பது குற்றமாக்கப்படவேண்டும். இறக்குமதி முடியும் நாள் சட்டத்திற் குறிக்கப்படவேண்டும். எந்த வண்டு வந்தாலும் நகராத நாளாக.