ஆன்டிபாடிக்கும் தேர்வு வையுங்கள்

உடற்பயிற்சி செய்யும்போது தசையிலிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. அது உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பையே சக்தியை எரிக்கும் கொழுப்பாக மாற்றுகிறது. 2012 ஜனவரியில் ஹார்வர்டு விஞ்ஞானி புரூஸ் ஸ்பீகல்மேனின் குழு 'நேச்சர்' இதழில் இப்படி அறிவித்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. எஃப்.என்.டி.சி.5 என்ற தசைப் புரதத்திலிருந்து வெட்டுப்பட்டு வரும் அந்தத் துண்டுக்கு 'ஐரிசின்' என்று பெயரிட்டார்கள். உடல் பருமனுக்கும் சர்க்கரை நோய்க்கும் புதிய மருந்து வரப்போகிறது என்ற நம்பிக்கை பிறந்தது. பல நாட்டு ஆய்வகங்கள் ஐரிசினை அளக்கும் எலைசா கிட்களை வாங்கி, நோயாளிகளின் ரத்தத்தையும் விளையாட்டு வீரர்களின் ரத்தத்தையும் சோதித்து, கட்டுரைகளை எழுதிக் குவித்தன. ஆனால் ஓர் ஆய்வு சொன்ன அளவுக்கும் இன்னோர் ஆய்வு சொன்ன அளவுக்கும் பல நூறு மடங்கு வித்தியாசம் இருந்தது.

2015 மார்ச்சில் ஜெர்மனி, நார்வே, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து அந்த கிட்களில் இருந்த ஆன்டிபாடிகளையே, அதாவது தேடும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய மூலக்கூறுகளையே, சோதனைக்கு உட்படுத்தினார்கள். அவை ரத்தத்திலுள்ள வேறு புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஐரிசின் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே தெரியவில்லை.

ஐரிசின் என்று ஒன்று இல்லவே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அதே ஆண்டில் ஸ்பீகல்மேன் குழு ஆன்டிபாடியை நம்பாமல் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் அளந்து, மனித ரத்தத்தில் ஐரிசின் இருப்பதாகப் பதில் சொன்னது. பயிற்சி செய்யாதவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் சுமார் 3.6 நானோகிராம், பயிற்சி செய்தவர்களுக்கு 4.3 நானோகிராம். இவ்வளவு சிறிய வித்தியாசத்தை, எதில் ஒட்டுகிறது என்றே தெரியாத ஆன்டிபாடி எப்படிக் காட்டும்?

ஆய்வகத்தில் நடப்பதைப் பார்த்தால் இந்தத் தவறு எவ்வளவு எளிதாக நேரும் என்பது புரியும். எலைசாவில் கிடைப்பது நிறமும் அதிலிருந்து வரும் ஓர் எண்ணும் மட்டுமே. எந்தப் புரதம் அந்த நிறத்தைத் தந்தது என்று அது சொல்லாது. வெஸ்டர்ன் பிளாட் முறை இன்னும் கொஞ்சம் விவரம் தரும். உறைந்த தசைத் துணுக்கைப் பொடித்து, கரைத்து, ஜெல்லில் மின்சாரம் செலுத்தினால் புரதங்கள் அளவு வாரியாகப் பிரியும். சிறியவை வேகமாகக் கீழே இறங்கும், பெரியவை மேலேயே தங்கும். அவற்றை மெல்லிய சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் பால் பவுடர் கரைசலில் ஊறவைப்பார்கள். அதன் பிறகே ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். அது ஒட்டிய இடம் ஒரு பட்டையாகத் தெரியும். தசையில் மயோசினும் ஆக்டினும் ஏராளம். தேடும் புரதமோ பெரும்பாலும் மிகச் சொற்பம். ஏராளமாக இருப்பதில் ஆன்டிபாடி லேசாக ஒட்டினால்கூட, தவறான இடத்தில் பளிச்சென்று பட்டை விழும்.

இதைச் சரியாகச் செய்து காட்டிய முன்னுதாரணம் தசை ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. 1987-இல் எரிக் ஹாஃப்மன், ராபர்ட் பிரவுன், லூயி குங்கெல் ஆகியோர் டிஸ்ட்ரோபின் புரதத்தை அடையாளம் கண்டார்கள். தசையின் மொத்தப் புரதத்தில் அது வெறும் 0.002 சதவீதம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆரோக்கியமான தசையில் ஆன்டிபாடி பட்டையைக் காட்டியதோடு அவர்கள் திருப்தி அடையவில்லை. டுஷேன் தசைச் சிதைவு நோயுள்ள சிறுவர்களின் தசையிலும், டிஸ்ட்ரோபினுக்கான மரபணு பழுதான எலிகளின் தசையிலும் தேடினார்கள். அங்கே அந்தப் பட்டை இல்லை. புரதம் இருக்கும் இடத்தில் தெரிந்து, இல்லாத இடத்தில் மறைந்ததால்தான் அந்த ஆன்டிபாடியின் சாட்சியம் செல்லுபடியானது. இன்று தசை பயாப்ஸியில் டிஸ்ட்ரோபினைத் தேடி நோயை உறுதிசெய்ய முடிவதற்கு அஸ்திவாரம் அந்த வேலைதான்.

இந்த ஒழுங்கு விதிவிலக்காகவே இருப்பதுதான் வேதனை. 65 புரதங்களுக்காக விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளைச் சோதித்த ஒரு சர்வதேசக் குழு, 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. அந்தந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்களை ஒப்பிட்டு நடந்த சோதனை அது. பாதிக்கும் மேற்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தோற்றன. அதன் பிறகு நிறுவனங்கள் சிலவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றன. பலவற்றுக்குப் பரிந்துரைத்த பயன்பாட்டை மாற்றின. சோதித்துச் சொன்னால் சந்தை திருந்தும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

செலவாகும், நாளாகும், சிறிய ஆய்வகங்களால் தாங்க முடியாது என்கிறார்கள். மரபணு நீக்கிய செல்கள் இன்று விலைக்கே கிடைக்கின்றன. அதுவும் முடியாவிட்டால், அந்தப் புரதம் இல்லாத வேறொரு திசுவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சோதிக்காத கிட்டை நம்பி நூற்றுக்கணக்கானவர்களிடம் ரத்தம் எடுத்து வீணாக்குவதைவிட இது மலிவு. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர்கள் அறிவியலை நம்பிக் கொடுத்தவர்கள்.

எனவே ஆய்வு இதழ்களும் நிதி வழங்கும் அமைப்புகளும் மூன்றைக் கட்டாயமாக்க வேண்டும். புரதம் இல்லாத மாதிரியில் அதே ஆன்டிபாடி என்ன காட்டியது என்ற படம். வெட்டி ஒட்டாத முழு பிளாட். ஆன்டிபாடியின் கேட்டலாக் எண், லாட் எண். இவை இல்லாத கட்டுரையை அச்சேற்றக் கூடாது.