பின்கழுத்துக் கருப்பு அழுக்கல்ல

வண்டன்மேட்டுப் பெற்றோரே, கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

வயிற்றுவலி என்று பிள்ளையைக் கட்டப்பனைக்கோ கம்பத்துக்கோ கூட்டிப் போகிறோம். ஸ்கேன் தாளில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வருகிறது. "இப்ப எல்லாருக்கும்தான் இருக்கு" என்று தாளை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். எல்லாருக்கும் இருந்தால் நம் பிள்ளைக்கும் இருக்கட்டும் என்று விட இது என்ன திருவிழாப் புதுத்துணியா? எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியிட்ட கணக்கில், குண்டான பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேருக்கு கல்லீரலில் கொழுப்பு.

அந்தக் கொழுப்பு அங்கேயே அடங்கிக் கிடப்பதில்லை. மிஞ்சியதைக் கல்லீரல் இரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையத்திலும் அது போய்ப் படியலாம். இன்சுலின் சுரப்பது அந்தக் கணையம்தான். கொழுத்த கல்லீரல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. அதனால் கணையம் இன்னும் அதிகம் சுரக்கும், அதிக இன்சுலின் இன்னும் கொழுப்பைச் சேர்க்கும். நியூகாசில் பேராசிரியர் ராய் டெய்லர் 2008-இல் இதைச் சர்க்கரை நோயில் கொண்டுபோய் விடும் இரட்டைச் சுழலாக விளக்கினார். சர்க்கரை நோயில் கணையக் கொழுப்பின் பங்கு எவ்வளவு என்று மருத்துவர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் இரண்டு கொழுப்பும் பல சமயம் சேர்ந்தே வருகின்றன.

பிள்ளையின் பின்கழுத்து கருத்துத் தடித்திருந்தால் தேங்காய் நாரைப் போட்டுத் தேய்க்கிறீர்களே, ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று நாலு பேர் முன்னால் திட்டுகிறீர்களே! பல பிள்ளைகளுக்கு அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தோல் உரியும்வரை தேய்த்தாலும் போகாது.

ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் தாய் நாள் முழுக்க மேடேறி இறங்குகிறாள். பிள்ளையோ பள்ளி வாசல்வரை ஜீப்பில் போய் இறங்குகிறது. சாயங்காலம் பேக்கரி பப்ஸ், பழம்பொரி, சிப்ஸ் பாக்கெட், கூடவே ஒரு கூல்டிரிங்ஸ். 250 மில்லி கோலாவில் மட்டும் சுமார் 26 கிராம் சர்க்கரை. லயத்தில் நாம் பட்ட பசி பிள்ளைக்கு வேண்டாம் என்ற ஆசை புரிகிறது. அதற்காக பாக்கெட்டையும் பாட்டிலையுமா பாசம் என்று ஊட்டுவது?

2019-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைக் கேளுங்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ள 11 முதல் 16 வயதுப் பையன்கள் 40 பேர். ஒரு பாதிப் பேருக்குச் சேர்க்கும் சர்க்கரையை மிகவும் குறைத்த சாப்பாடு, அதுவும் வீட்டில் எல்லாருக்கும் அதே சாப்பாடு. எட்டே வாரத்தில் அந்தப் பாதிப் பேரின் கல்லீரல் கொழுப்பு 25-லிருந்து 17 விழுக்காட்டுக்கு இறங்கியது. பையனுக்கு மட்டும் பத்தியம் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தால் எந்தப் பிள்ளை கேட்கும்?

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் நம் கேரளத்துப் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். அந்த வரிசையில் நம் பிள்ளைகளையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். பீரோவில் கிடக்கும் தாளை இந்த வாரமே எடுத்து அரசு மருத்துவரிடம் காட்டுங்கள். எடையும் இரத்தச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள், கழுத்தையும் காட்டுங்கள்.