மலைக்குத் திறந்த வழி, முன்பள்ளிக்கு மூடிய கதவு

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது இலங்கையில் பாடசாலைகளோடு முன்பள்ளிகளும் மூடப்பட்டன, ஊரடங்கும் வந்தது. ஊவா மாகாணத்து லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களில் பிரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் சேர்ப்பது, மட்டும் நிற்கவில்லை. தேயிலைக்கு அரசு விலக்கு அளித்ததால் தாய்மார் கூடையோடு மலையேறினார்கள். பிள்ளைகளோ லயத்து அறையில், பாட்டியிடமோ பத்து வயது அக்காவிடமோ.

கொழுந்து அத்தியாவசியம் என்றால், பறிப்பவளின் குழந்தை மட்டும் எப்படி அத்தியாவசியமில்லாமல் போகும்?

இணையவழி வகுப்பு என்றார்கள். வீட்டில் ஒரு திறன்பேசி இருந்தாலும் அது மூத்த பிள்ளைக்குத்தான். நான்கு வயதுக் குழந்தைக்குத் தேவைப்படுவது திரை அல்ல, களிமண்ணும் பாட்டும் மதியச் சோறும். 2016 தேசிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தேசிய அளவில் இது 17.3 சதவீதம். அந்த வயிற்றுக்கு, தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவில் கிடைக்கும் ஒரு வேளை உணவு சின்ன விஷயமில்லை.

ஆசிரியைகளின் பாடு இன்னும் மோசம். பெற்றோர் தரும் மாதக் கட்டணத்தை நம்பியிருந்தவர்களுக்கு, கதவு மூடிய அன்றே வருமானமும் நின்றது.

முன்பள்ளிகள் மாகாண சபையின் பொறுப்பு. ஊவா மாகாண நிர்வாகம் அடுத்த நெருக்கடிக்கு முன்பே ஆசிரியைகளின் கொடுப்பனவை உறுதி செய்யட்டும். நெருக்கடி வந்தாலும், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக ஐந்தைந்து பேராகவேனும் பிள்ளைக்காம்பராவைத் திறக்கட்டும். செலவில் தோட்டக் கம்பனிகளும் பங்கேற்க வேண்டும்.