நியூட்டன் எழுதிய பேரேடு

ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நாம் எல்லோரும் முன்னால் போய் விழுகிறோம். விழுந்த கையோடு, 'தள்ளி விட்டுட்டான்யா!' என்று டிரைவரைத் திட்டுகிறோம். அபாண்டம். அவர் பஸ்ஸை மட்டும்தான் நிறுத்தினார். நம்மை யாரும் தள்ளவில்லை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்த நாம், பஸ் நின்ற தகவல் வந்து சேராததால், நம்ம பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறோம். கம்பியோ, முன்னால் நிற்பவர் முதுகோ, கண்டக்டர் பையோ குறுக்கே வந்து தகவல் சொல்கிறது.

இதற்கு நிலைமம் என்று பெயர். ஸ்கூலில் இரண்டு மார்க்.

'ஒரு பொருள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமானால், அதை யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்' என்றுதான் அரிஸ்டாட்டில் காலம்தொட்டு ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். மாட்டு வண்டியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கலிலியோதான், 'தள்ளவே வேண்டாம், தடுக்காமல் இருந்தால் போதும்' என்றார். சந்தேகம் இருந்தால் காரம் போர்டைப் பாருங்கள். பவுடர் போடாத போர்டில் ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் படுத்துவிடும். போரிக் பவுடரைத் தூவியதும் அதே விரல், அதே சுண்டல், நாலு பக்கமும் மோதிவிட்டு வருகிறது. பவுடர் புதிதாக எந்த சக்தியையும் கொடுக்கவில்லை. உராய்வைக் குறைத்தது, அவ்வளவே. உராய்வே இல்லாத போர்டு என்றால் ஸ்ட்ரைக்கர் நின்றே இருக்காது. (ஆட்டமும் முடிந்திருக்காது. ஆபீஸ் லஞ்ச் அவரில் அதற்கு நேரமில்லை.)

சும்மா நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்கள்கூட, சென்னைவாசி என்றால், பூமியின் சுழற்சியில் மணிக்கு சுமார் 1,600 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பூமி சடன் பிரேக் போடுவதில்லை என்பதால் காப்பி சிந்துவதில்லை.

அடியேன் பி.காம். பற்று, வரவு, ஐந்தொகை தவிர வேறு விதி எதுவும் படித்தவன் இல்லை. ஆனால் கீழ் போர்ஷன் அம்மாளுக்கு, பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆறாம் கிளாஸ் படிக்கிற பையனை சயின்ஸ் புஸ்தகத்தோடு மாடிக்கு அனுப்பி விடுகிறார். அவன் போன வாரம் கேட்ட கேள்வி இது:

"அங்கிள், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை இருக்குன்னு அண்ணன் புக்குல போட்டிருக்கு. சமம்னா ரெண்டும் கேன்சல் ஆயிடுமே? அப்புறம் எப்படி எதுவும் நகருது?"

வக்கீல் நோட்டீஸ் மாதிரி கேள்வி. சயின்ஸ்காரர்களாக இருந்தால் படம் போட்டு அம்புக்குறி வரைந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது பேரேடுதான்.

இரட்டைப் பதிவு முறையை லூகா பாச்சியோலி என்ற இத்தாலிய சாமியார் வெனிஸில் 1494-ல் அச்சுப் புத்தகமாகவே போட்டுவிட்டார். எந்தப் பற்றுக்கும் சமமாக ஒரு வரவு உண்டு. நியூட்டன் தன் மூன்றாம் விதியை வெளியிட்டது 1687-ல். அதாவது கணக்குப்பிள்ளைகள் 193 வருஷம் சீனியர். சயின்ஸ் வாத்தியார்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"நான் உனக்கு நூறு ரூபா தரேன்னு வெச்சுக்கோ. என் நோட்டுல நூறு போச்சு. உன் நோட்டுல நூறு வந்தாச்சு. ரெண்டும் சமம்தானே?"

"ஆமா."

"அப்ப ரெண்டும் கேன்சல் ஆகி, ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லுவியா?"

"எனக்கு நூறு ரூபா வந்துடுச்சே அங்கிள்!"

"அதேதாண்டா. ரெண்டும் வேற வேற ஆளோட நோட்டுல ஏறுது. ஒரே ஆள் நோட்டுல ஏறினாத்தான் கேன்சல்."

விஷயம் இவ்வளவுதான். நடக்கும்போது நம் கால் தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரை நம்மை அதே அளவு முன்னால் தள்ளுகிறது. முதல் தள்ளு பூமியின் கணக்கில், இரண்டாவது நம் கணக்கில். பூமியின் எடை 6-க்குப் பின்னால் 24 சைபர் போட்டால் வருகிற கிலோ. அந்த ஆசாமிக்கு நம்முடைய தள்ளு டீச் செலவுகூட இல்லை. நமக்கோ அதுதான் சம்பளம். படகிலிருந்து கரைக்குக் குதித்துப் பார்த்தால் தெரியும்: படகு சின்ன கம்பெனி, உடனே பின்னால் போய்விடும்.

பையன் விடவில்லை. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை நீட்டி, "இது ஆணியை இழுக்குது. ஆணி இதை இழுக்குமா?" என்றான். பேசினில் தண்ணீர் விட்டு, ஒரு தர்மாகோல் துண்டில் காந்தம், இன்னொன்றில் ஆணி என்று மிதக்கவிட்டோம். கையை எடுத்ததும் இரண்டும் கிளம்பி வந்து முட்டிக்கொண்டன. ஆணி வேகமாக, கனமான காந்தம் நிதானமாக. இழுப்பு ஒன்றுதான், எடைதான் வேறு. தொட்டால் ஒரு சட்டம், தொடாவிட்டால் வேறு சட்டம் என்று இயற்கையிடம் கிடையாது.

காந்தம் என்றதும் ஒரு பழைய பம்பாய் சமாசாரம். பூமியே ஒரு காந்தம் அல்லவா? அதன் போக்கை அளக்க பம்பாய் கொலாபாவில் 1841-லிருந்து ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. ஊரில் மின்சார ட்ராம் விடப் போகிறோம் என்றார்கள். மின்சாரம் ஓடினாலே சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும் என்பது 1820-லேயே டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் கண்டுபிடித்தது. ட்ராம் ஓடினால் கருவி அளப்பது பூமியையா, ட்ராமையா? மூட்டை கட்டிக்கொண்டு 1904-ல் கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாக்குக்குப் போய்விட்டார்கள். கட்டடத்தைக்கூடக் காந்தத்தோடு சம்பந்தமில்லாத பொருட்களாகப் பார்த்துக் கட்டினார்கள். ட்ராமுக்கு பயந்து வீடு மாறியவர்கள் இவர்கள்.

நிற்க. நமக்கு தினமும் ஆகிற கணக்குக்கு வருவோம். பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்குகிற சகோதரர்கள், திருப்பத்தில் தங்களை ஏதோ வெளியே இழுப்பதாகச் சொல்வார்கள். யாரும் இழுப்பதில்லை. உடம்பு நேராகப் போகிறது, பஸ்தான் உங்களை விட்டுத் திரும்புகிறது. அதைத் தடுத்துக்கொண்டிருப்பது ஒரு கம்பியும் நாலு விரலும்.

டூ வீலர் கணக்கு இன்னும் மோசம். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் இரண்டு மடங்கு என்றுதான் மனசு கணக்குப் போடும். ம்ஹூம். நாலு மடங்கு. நல்ல டயர், காய்ந்த தார் ரோடு என்றால், 30 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 5 மீட்டரில் வண்டி நிற்கும். 60-ல் 20 மீட்டர். மழை பெய்திருந்தால் இன்னும் அதிகம். நாயைப் பார்த்து, 'ஐயோ' என்று நினைத்து, காலும் கையும் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும். 60-ல் அந்த 'ஐயோ'வுக்கு மட்டும் 17 மீட்டர் செலவு.

பையனுக்கு வேறு மாதிரி சொன்னேன். 40 கி.மீ. வேகத்தில் போய் சுவரில் மோதுவதும், சுமார் 6 மீட்டர், அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. 60 என்றால் 14 மீட்டர், நாலு மாடிக்கு மேலே. மொட்டை மாடி விளிம்பில் நிற்கும்போது வருகிற பயம், ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது ஏனோ வருவதில்லை.

அப்போது ஹெல்மெட் என்ன செய்கிறது? அதன் உள்ளே விரல் தடிமனுக்கு ஒரு தர்மாகோல் இருக்கிறது. மேல் ஓடு அல்ல, அதுதான் ஹீரோ. மண்டை நேராக ரோட்டில் மோதினால் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். தர்மாகோல் நசுங்கிக் கொடுத்தால் அந்தத் தூரம் சில சென்டிமீட்டராகிறது. தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, விசை அத்தனை மடங்கு குறையும். மொத்தமாக எடுத்து வைக்க வேண்டிய கடனைத் தவணையில் கட்டுகிற மாதிரி. கடன் தொகை மாறவில்லை, ஆனால் ஆசாமி பிழைத்துக்கொள்வான். ஒருமுறை நசுங்கிய தர்மாகோல் மறுபடி உப்பாது. ஆகவே பலமாக விழுந்து எழுந்த ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லை என்று மச்சானுக்கு தானம் பண்ணாதீர்கள்.

பையன் எல்லாவற்றையும் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டு கீழே போனான். வாசலில் அவன் அப்பா ஆபீஸுக்குக் கிளம்பி, வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட், வழக்கம்போல முழங்கையில்.

"அப்பா, நாலு மாடியிலேர்ந்து முழங்கை மட்டும்தான் விழுமா?"

அவர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. மாடியைப் பார்த்து என்னைத்தான் முறைத்தார்.