பிரதி எடுத்த கைகள்

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். ஓலைச்சுவடிக்கு மட்டுமல்ல, கிறிஸ்தவர்களின் வேதாகமத்துக்கும் இது பொருந்தும்.

புதிய ஏற்பாட்டு நூல்கள் முதலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. பவுல் அனுப்பிய கடிதமோ, லூக்கா எழுதிய ஏடோ இன்று எம்மிடம் இல்லை. இருப்பவை பிரதிகளும் பிரதியின் பிரதிகளுமே. 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சு வரும்வரை எல்லாம் கையெழுத்துத்தான். தொழிற்சாலையில் அச்சில் வார்த்த சாமான்கள் ஒன்றுபோல இருக்கும். கையால் எழுதியது அப்படி இராது. இன்று 5,000க்கும் மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள் உள்ளன. அவற்றுக்கிடையே வித்தியாசங்கள் ஏராளம்.

இவை எப்படி வந்தன? பழைய பிரதிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தால், எழுதுபவரின் கண் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவிவிடும். நடுவில் உள்ளது விடுபடும்.

சில மாற்றங்கள் பக்தியால் வந்தவை. லூக்காவில் உள்ள கர்த்தர் கற்பித்த செபம், மிகப் பழைய பிரதிகளில் சுருக்கமானது. மத்தேயுவில் உள்ள நீண்ட செபத்தைச் சொல்லிப் பழகியவர்கள் லூக்காவையும் அதற்கேற்ப நீட்டிவிட்டார்கள். வஞ்சகம் அல்ல. ஏதோ விடுபட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

எகிப்தின் சினாய் மலையடியில் புனித கத்தரீனா மடம் இருக்கிறது. 1844இல் ஜேர்மன் அறிஞர் திஷென்டோர்ஃப் அங்கே 4ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றின் ஏடுகளைக் கண்டார். அந்தப் பிரதியின் பெரும்பகுதி இப்போது இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதில் மாற்குவின் நூல், பெண்கள் வெறுங்கல்லறையிலிருந்து பயந்து ஓடுவதோடு முடிகிறது. பின்னால் நாம் வாசிக்கும் 12 வசனங்கள் அங்கே இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு காப்பாற்றும் கதையும் அதன் யோவான் நூலில் இல்லை. அதே நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதியிலும் இவை இரண்டும் இல்லை.

அந்த வத்திக்கான் பிரதியில் ஒரு வேடிக்கையும் உண்டு. எபிரேயர் நூலின் முதலாம் அதிகாரத்தில் ஒருவர் ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் இன்னொருவர் பழைய சொல்லையே திரும்ப எழுதி, மாற்றியவரை மூடன், கெட்டவன் என்று ஓரத்தில் திட்டியும் வைத்திருக்கிறார்!

அப்படியானால் எதையும் நம்ப முடியாதா? அப்படியில்லை. ஒரேயொரு பிரதி மட்டும் இருந்திருந்தால் அதிலுள்ள பிழை எவருக்கும் தெரியவராது. ஒருவர் விட்ட வரியை வேறோர் ஊரில் இன்னொருவர் விடாமல் எழுதியிருப்பார். அறிஞர்கள் பிரதிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டே பழைய வாசகத்தைத் தேடுகிறார்கள். பெரும்பாலான வித்தியாசங்கள் எழுத்துக்கூட்டல், சொல்லொழுங்கு போன்ற சின்ன விஷயங்கள்தான்.

எமது பிள்ளைகள் வாசிக்கும் ஆங்கிலப் பைபிள்கள் பலவற்றில், மேலே சொன்ன இடங்களில் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இருக்கும். “இது ஏன், அப்பா?” என்று பிள்ளை கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். பிரதி எடுத்தவர்களின் கதையைச் சொல்லுங்கள்.