கதவு திறந்தது, கடை திறந்ததா?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மாந்தோப்புகளுக்கு நடுவே செல்லும் சாலை மலையடிவாரத்தில் முடிகிற இடத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை அங்கே ஆறாக இறங்குகிறது. ராஜபாளையத்து ஜனங்களின் குடிதண்ணீருக்கும் அந்த ஆறு ஓர் ஆதாரம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்க் குளித்து, சாமி கும்பிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு, பொழுது சாயத் திரும்புவது அந்தப் பக்கத்து வழக்கம். கோவில் என்றால் தேங்காய், பூ விற்பவர் உண்டு; கூட்டம் என்றால் கடலை, மாங்காய்க் கீற்று விற்பவர் உண்டு; ஆட்டோக்காரர் உண்டு. இவர்கள் எந்த முதலாளியிடமும் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்ல. ஆகவே 2020 மார்ச் 25-ம் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தபோது இவர்களை யாரும் வேலையை விட்டு நீக்கவும் இல்லை. கூட்டம் நின்றது; பிழைப்பும் நின்றது. அவ்வளவுதான்.

ஊரடங்கு வேண்டியிருந்ததா என்பதல்ல இங்கே கேள்வி. உயிர் போகிற நோய்க்கு முன் கதவை அடைத்ததைக் குற்றம் சொல்ல முடியாது. அடைத்த கதவைத் திறந்த பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏனெனில், திறந்த மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குக் கணக்கையும் காட்டுகிறார்கள்.

அந்தக் கணக்கைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் வேலையில்லாத் திண்டாட்டம் இந்தியாவில் 23.5 சதவீதம் என்றும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 50 சதவீதம் என்றும் இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. ஜூலைக்குள் இந்திய அளவு 7 சதவீதத்தைச் சுற்றி வந்துவிட்டது. மத்திய சர்க்கார் ஆண்டுதோறும் எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்போ இன்னும் விசித்திரமானது. 2019 ஜூலையிலிருந்து 2020 ஜூன் வரை வேலையில்லாதவர் 4.8 சதவீதம், நோய் உச்சத்தில் இருந்த அடுத்த ஆண்டில் 4.2 சதவீதம்! கொள்ளை நோய் வந்து வேலையைப் பெருக்கிவிட்டதா?

இல்லை. அதே கணக்கெடுப்பை இன்னும் கொஞ்சம் புரட்டினால் விஷயம் விளங்கும். வேலை செய்கிறவர்களில் விவசாயத்தில் இருந்தவர்களின் பங்கு 2018-19-ல் 42.5 சதவீதம். இரண்டே ஆண்டுகளில் அது 46.5 ஆயிற்று. நாடு முன்னேற முன்னேற உழவிலிருந்து தொழிலுக்கு ஆள் போவதுதான் வழக்கம். இங்கே வண்டி பின்னால் உருண்டது. பட்டணத்தில் வேலை போனவன் ஊருக்குத் திரும்பி அண்ணன் வயலில் இறங்கினான். மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை அப்பாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்தான். கூலி ஒரு காசு இல்லாவிட்டாலும் கணக்கெடுப்பின்படி இருவரும் 'வேலையில் இருப்பவர்கள்'. ஒருவர் செய்யும் வேலையை மூவர் பங்கிட்டுக்கொண்டால் வேலையில்லாதவர் குறைந்துவிடுவர். சோறு மட்டும் கூடாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2019-20-ல் 265 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது, 2020-21-ல் 389 கோடியாக ஏறியதும் இதே கதைதான். தமிழ்நாட்டில் அதற்கு அப்போது நாள் கூலி 256 ரூபாய். அதையும் நாடி அத்தனை கோடிப் பேர் மண்வெட்டி எடுத்தார்கள் என்றால், வீட்டு நிலைமை எப்படி இருந்திருக்கும்!

இந்த வட்டாரத்தின் தொழில்கள் எல்லாமே இன்னொருவர் கையை எதிர்பார்ப்பவை. சத்திரப்பட்டியில் தறிகள் ஆஸ்பத்திரிக்கான பாண்டேஜ் துணியை நெய்கின்றன. நோய்க் காலத்தில் அந்தத் தொழிலுக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் தறிக்காரர் நூலை விலைக்கு வாங்க வேண்டியவர். 2022 மே மாதம் பஞ்சு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்திய மாதமே இறக்குமதிப் பஞ்சின் வரியை மத்திய சர்க்கார் நீக்கியும் விலை உடனே இறங்கவில்லை. சிவகாசியிலோ, ஆண்டெல்லாம் செய்து அடுக்கிய பட்டாசு 2020 தீபாவளிக்குப் புறப்படும் சமயத்தில் டில்லியும் ராஜஸ்தானும் ஒடிஷாவும் தடை விதித்தன. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது இதுதான்.

கோவில் வாசல் வியாபாரிக்கு வந்த சறுக்கல் இன்னும் கொடியது. 2020 செப்டம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டில் ஆலயங்கள் பொதுமக்களுக்குத் திறந்தன. 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி அடைத்தன. ஜூலையில் திறந்தன. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுவரை வெள்ளி, சனி, ஞாயிறு தரிசனம் இல்லை என்றார்கள். 2022 ஜனவரியில் மீண்டும் அதே உத்தரவு. வாரத்தில் நான்கு நாள் திறந்துதானே இருந்தது என்று காகிதத்தில் சொல்லிவிடலாம். செவ்வாயும் புதனும் தேங்காய் வாங்க யார் வருவார்? பூக்காரிக்கு வாரம் என்பதே அந்த மூன்று நாள்தான். ஸ்ரீவில்லிப்புத்தூரில் ஆடிப்பூரத் தேரே இரண்டு வருஷம் கழித்து 2022-ல்தான் பழையபடி வீதிக்கு வந்தது. தேர்க்கூட்டத்தை நம்பிய கடைக்காரருக்கு அது இரண்டு வருஷத்து விளைச்சல் போனது போல.

சரக்கு எடுப்பது கடனில். பூ ஒரு நாளில் வாடும்; கடன் வாடுவதில்லை. பாங்குக் கடனுக்கு 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் பாங்க் தவணை ஒத்திவைப்புக்கு வழி செய்தது. தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் தரும் திட்டம் அந்த ஜூனில் வந்தது. கூட்டுறவுச் சங்கங்களில் மகளிர் குழுக்கள் வாங்கிய 2,756 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி என்று 2021-ல் மாநில சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியங்களே. ஆனால் காலையில் கொடுத்து மாலையில் வட்டியோடு வசூலிக்கும் ஆளிடம் ரிசர்வ் பாங்கின் சுற்றறிக்கையைக் காட்ட முடியுமா? திருவிழாவுக்கு மட்டும் கூடை தூக்கி வருகிறவளிடம் வியாபாரி என்ற அத்தாட்சி எங்கே இருக்கும்?

இப்படிப்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது நடவாத காரியம் என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லக்கூடும். 2020 ஏப்ரலில் 1,000 ரூபாய் நிவாரணமும், 2021 பொங்கலுக்கு 2,500 ரூபாயும், அதே வருஷம் மே, ஜூனில் இரு தவணையாக 4,000 ரூபாயும் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததே, எப்படி? ரேஷன் கடை மூலம்தான். இரண்டு கோடிக்கு மேற்பட்ட அரிசி அட்டைதாரர்கள் பையோடு வந்து நின்ற அந்த வரிசையில், ரூபாயை எண்ணிக் கொடுக்கும்போதே, "ஊரடங்குக்கு முன் என்ன தொழில்? இப்போது என்ன தொழில்? வரவு எவ்வளவு? கடன் எவ்வளவு?" என்று நாலு கேள்வி கேட்டு அட்டையில் எழுதியிருக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு பென்சில் போதும். அடுத்த முறை கதவை அடைக்க நேர்ந்தால், திறப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே தேதியைச் சொல்லி, அந்தப் பட்டியலில் உள்ளவர்க்குச் சரக்கெடுக்க முன்பணமும் அதே ரேஷன் கடையில் கொடுக்கலாம்.