சினார் மரத்தடியில் உட்காருங்கள்... பட்டையை உரிக்காதீர்கள்!

காஷ்மீருக்கு டூர் போய் வருகிறவர்கள் குங்குமப்பூ வாங்கி வருவார்கள், வால்நட் வாங்கி வருவார்கள். சிலர் சினார் மரப்பட்டையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, "டாக்டர், இது பல்வலி, வயிற்றுப்போக்குக்கெல்லாம் நல்லதாமே... கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது என்பதுதான் என் பதில்.

சினாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. விரல் விரித்த கை மாதிரி இலை. இலையுதிர் காலத்தில் மரமே தீப்பிடித்த மாதிரி சிவந்துவிடும். உதிர்ந்த இலையைக் கரியாக்கி, 'காங்கிரி' என்கிற கணப்புச் சட்டியில் போட்டுக் குளிர் காய்வார்கள் காஷ்மீர் மக்கள்.

மருத்துவக் குணமும் உண்டு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ், பட்டையை வினிகரில் காய்ச்சிப் பல்வலிக்கு வாய் கொப்பளிக்கச் சொன்னார். கவனியுங்கள்... கொப்பளிக்கத்தான், குடிக்க அல்ல! இலையிலும் காயிலும் உள்ள நுண்ணிய சுணை கண்ணில், காதில் பட்டால் கெடுதல் என்று எச்சரித்ததும் அவரேதான். அந்தச் சுணை மூச்சில் போனால் இருமல் வரும். ஆஸ்துமாக்காரர்கள் ஜாக்கிரதை!

எந்த மூலிகைக்கும் சுத்தி, அளவு, அனுபானம், பத்தியம் என்று முறை இருக்கிறது. நாங்கள் படித்த குணபாடத்தில் சினார் இல்லை. அளவு தெரியாத பட்டையைக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்க நான் எப்படிச் சொல்வேன்? வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுங்கள். ரத்தம் கலந்து போனாலோ, குழந்தை துவண்டாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பட்டையை இடித்துக் காய்ச்சுகிற நேரத்தில் உடம்பில் நீர் வற்றிவிடும்.

"அப்ப விதை வாங்கி வந்து வீட்டிலேயே வளர்க்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. விதை சரியாக முளைக்காது. குளிர்காலக் கடைசியில் குச்சி வெட்டி நட்டால்தான் சுலபமாக வேர் பிடிக்கும். ஆழமான மண், நிறைய ஈரம், இலையெல்லாம் கொட்டி ஓய்வெடுக்க நல்ல குளிர்... இத்தனையும் வேண்டும். நம் சமவெளி வெயில் அதற்கு ஒத்துவராது. வளர்ந்தால் தெருவையே அடைக்கிற மரம் வேறு!

காஷ்மீரில் அனுமதியில்லாமல் சினாரை வெட்டுவது சட்டப்படி குற்றம். 1969-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான வருஷம் வாழ்கிற மரம் அது. போகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு துண்டு பட்டை உரித்தால் என்ன ஆகும்? சுற்றி உரித்துவிட்டால் மரம் பட்டே போகும்.

அடுத்த முறை போனால் அந்த நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்து வாருங்கள். கீழே உதிர்ந்த இலை ஒன்றைப் புத்தகத்தில் வைத்துக் கொண்டு வாருங்கள், போதும்.